நோகாம நொங்கு

மருமவனே, நீ கெட்டிக்காரன்லே. ரெண்டாம் மணி அடிச்சு, அய்யரு பீடத்துல ஏறின பொறவும் நீ கட்டிலை விட்டு எறங்கல. ஆனா ஆராதனையையும் விடல! செல்போனைத் தலகாணியில சாய்ச்சு வச்சு, கால்மேல கால் போட்டு, மெட்ராஸ் பிரசங்கியாரைக் கேக்குத. பாவ அறிக்கை வரும்போது வேகத்தை ஒண்ணரையா ஆக்கிருதியாம், எங்க அக்கா சொல்லுதா. நல்லதுதான், பாவம் எவ்வளவு சீக்கிரம் முடியுதோ அவ்வளவு நல்லது. ராப்போஜனத்துக்குத்தான் போனுக்குள்ள வழி இல்ல. அதையும் எவனாவது வீட்டுக்கே கொண்டு வந்து தருவான், கவலப்படாத.

நம்ம முன்னோருதான் வெவரம் பத்தாதவுக. இடையன்குடியில கால்டுவெல் அய்யரு 1847-ல கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டு, 1880-லதான் பிரதிஷ்டை பண்ணினாரு. 33 வருசம்! இப்பன்னா காண்டிராக்டு விட்டு ஒண்ணரை வருசத்துல கட்டிருவோம். திறப்புவிழாக் கல்வெட்டுல யாரு பேரு மேலங்குற வழக்குதான் 33 வருசம் ஓடும்.

உங்க பூட்டி இன்னும் மோசம். உலை வைக்க அரிசி அளந்தா, அதுலருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில இருக்குற கலயத்துல போடுவா. கைப்பிடி அரிசி. வெளைச்சல் இல்லாத வருசம் பிடி சின்னதாவும், ஆனா கலயம் சும்மா இருக்காது. ஞாயித்துக்கிழமை முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு அதைக் கொண்டு கோயில்ல கொட்டுவா. ஸ்கேன் பண்ணி அம்பது ரூவா அனுப்பிட்டு தூங்கலாம்னு அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, பாவம்.

வெள்ளாளன்விளைக்காரரு அசரியா இருந்தாரே, அவரும் இந்த ரகம்தான். வெள்ளைக்காரன் துட்டு வேண்டாம், நம்ம ஆளு, நம்ம துட்டுன்னு 1903-ல திருநெல்வேலி ஆளுகளைச் சேத்து இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினாரு. தெலுங்குச் சீமை தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிட்டு வீட்டுல இருந்தாரா? இல்ல, பின்னால அவரும் போனாரு. 1912-ல பிஷப்பாவும் ஆனாரு. ஆங்கிலிக்கன் சபையில அந்தப் பட்டம் வாங்கின மொத இந்தியரு. இத்தனை அலைச்சல் எதுக்குங்கேன்? நீ புத்திசாலி. பக்கத்துத் தெரு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக் குடுன்னா, "டைம் இல்ல மாமா"ன்னு மூணே வார்த்தையில ஊழியத்தை முடிச்சிருத.

ஆனா ஒன்னைக் கொறை சொன்னா என் நாக்கு அழுகிரும். சேகரத் தேர்தல்னா நீ வேற ஆளு! மூணு வருசச் சங்கக் காணிக்கைப் பாக்கியை ஒரே மூச்சுல கட்டி, லிஸ்ட்டுல பேரு இருக்கான்னு பாத்து, விடியுமுன்ன குளிச்சு, வெள்ளைச் சட்டையைத் தேச்சுப் போட்டு மொத ஆளா நிக்குத. ரெண்டு அணிக்கும் வேன் என்ன, பிரியாணி என்ன, கோயில் வாசல்ல வேட்டியை மடிச்சுக் கட்டுறது என்ன! பெந்தெகொஸ்தே பண்டிகைக்குக்கூட நம்ம ஊருல அவ்வளவு அக்கினி எறங்கினதில்ல. சபை விசயத்துல இளைஞருக்கு அக்கறை இல்லன்னு எவம்லே சொன்னான்?

கோயில் அசன விருந்துலயும் ஒன்னை அடிச்சுக்க ஆள் கெடையாது. சோத்து வாளியைத் தூக்கிட்டு வரிசையில முன்னால நிக்கிறது யாரு? வாளியும் பெருசு. ராத்திரி பூரா அண்டா கிண்டினவன் கடைசியா வந்து அடிச்சோத்தைச் சொரண்டிட்டுப் போவான், அது அவன் தலையெழுத்து.

ஒனக்கு வேலை ஒண்ணும் வைக்கக்கூடாதுன்னு நானும் கமிட்டியில எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். இந்த அசனத்துக்குச் சனிக்கிழமை ராத்திரி வெங்காயம் உரிக்க எட்டுப் பேரு வேணும்னாக. ஏழுதான் தேறிச்சு. எட்டாவதா ஒம் பேரைக் குடுத்துட்டேன். கத்தி நீயே கொண்டாரணும், போனை அம்மாகிட்ட குடுத்துட்டு வா. உரிக்கயில கண்ணுல தண்ணி வந்தா தொடைக்காத. பாக்குறவுக, பய மனந்திரும்பிட்டான்னு நெனச்சுக்கிட்டுப் போறாக.