கேமராவில் விழுந்த காது

அவர் வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். கை கழுத்துப் பக்கம் போகும். அங்கே இல்லாத டையை ஒரு தரம் இழுத்துச் சரிசெய்துகொள்வார். "நான் பேண்ட்ஸ்டாண்டில் ஆடினவன், தெரியுமில்லையா?"

தெரியும் ஐயா. போன செவ்வாய்க்கிழமையும் தெரிந்தது.

நம்மூரில் எம்.ஜி.ஆர். தன் தோளில் கைபோட்டுப் பேசினார் என்று சொல்லும் பெரியவர் தெருவுக்கு ஒருவர் இருந்தாரில்லையா? பிலடெல்பியாவில் அந்தப் பதவியை வகிப்பவர் இவர். எழுபத்தைந்தைத் தொட்டவர்கள் யாரைக் கேட்டாலும் 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' நிகழ்ச்சியில் ஆடியிருக்கிறார்கள். ஆடாதவர்களின் அண்ணன் ஆடியிருக்கிறார். அண்ணன் இல்லாதவர்கள் இந்த ஊரில் குடியேறவே இல்லை போலிருக்கிறது.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் 46-ஆவது தெருப் பக்கம் ஒரு தொலைக்காட்சி நிலையம். பேண்ட்ஸ்டாண்ட் அங்கே 1952-இல் உள்ளூர் நிகழ்ச்சியாகத் தொடங்கியது. 1956-இல் டிக் கிளார்க் என்ற தொகுப்பாளர் கைக்கு வந்து, 1957 ஆகஸ்டில் ஏபிசி வழியாக நாடு முழுக்கப் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்த பிள்ளைகள் இசைத்தட்டுக்கு ஆடுவார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். வேறொன்றும் கிடையாது. அந்த ஒன்றுமில்லாததைப் பற்றி அறுபது வருஷமாக ஒரு மனிதர் பேசிக்கொண்டிருக்கிறார், என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

பேச்சை அங்கே கொண்டுபோகும் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். பனி அதிகம் என்று சொல்லிப் பாருங்கள். "இதென்ன பனி? நாங்கள் ஸ்டுடியோ வாசலில் வரிசையில் நின்ற பனியைப் பார்த்திருக்க வேண்டும்." பள்ளி வரி ஏறிவிட்டதே என்று புலம்பினேன். "பள்ளிக்கூடம் என்றதும் ஞாபகம் வருகிறது…" என் பையன் கம் மென்றுகொண்டு காரிலிருந்து இறங்கினான். "அதோடு உள்ளே போக முடியாது தம்பி, வாசலிலேயே துப்பச் சொல்வார்கள்!" பையன் எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். துப்பிவிட்டுத்தான் உள்ளே போனான்.

சரி, ஆடினாரே, என்ன ஆடினார்? இங்கேதான் காது வருகிறது.

நிகழ்ச்சிக்குத் தினமும் வந்து ஆடிய சில பிள்ளைகள் சினிமா நட்சத்திரம் மாதிரிப் பிரபலமானார்கள். ஜஸ்டீன் கரெல்லி, பாப் கிளேட்டன் ஜோடிக்கும், கென்னி ரோஸி, ஆர்லீன் சல்லிவன் ஜோடிக்கும் முன்பின் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் கடிதம் வந்து குவிந்தது. நம்மவர் சொல்வது இது: ஒருநாள் மெதுவான பாட்டு ஒன்று போகிறது. ஜஸ்டீனும் பாபும் ஒட்டி நின்று ஆடுகிறார்கள். கேமரா கிட்டே வருகிறது. பாபின் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிகிறது. அந்தக் காது இவருடையது.

எந்தக் காது? இடது காது. ஒருமுறை சொல்லும்போது வலது காதாகவும் இருந்தது. கேமரா கோணத்தால் அப்படித் தெரியுமாம். நாடு முழுக்கப் பார்த்த காது அது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் காதைப் பற்றியே பேசினார்களாம். ஓஹையோவில் இருந்த அத்தை டிரங்க் கால் போட்டு, "உன் காதைப் பார்த்தேனடா" என்றாராம். காதை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடித்த அத்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது.

நிரூபிக்க வழியில்லை என்பதுதான் இதில் உள்ள பாதுகாப்பு. நேரலையாகத் தினமும் போன நிகழ்ச்சி. பிலடெல்பியாக் காலத்துப் பதிவுகளில் பெரும்பகுதி மிஞ்சவில்லை. ஆகவே சாட்சியாக நிறத்தைக் கொண்டுவருவார். "ஜஸ்டீன் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். டிவியில் பார்த்தவனுக்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும். எனக்கு எப்படிப் பச்சை என்று தெரிந்தது? உள்ளே இருந்தேன், அதனால்தான்." அசைக்க முடியாத வாதம். சென்ற வருஷம் அந்த ஸ்வெட்டர் நீலமாக இருந்ததை நான் ஞாபகம் வைத்திருப்பது என் தவறுதான்.

உள்ளே போன உண்மையான ஆட்கள் முதலில் சொல்வது, "அடேயப்பா, எவ்வளவு சின்ன இடம்! டிவியில் பெரிசாகத் தெரிந்ததே!" என்பது. இவரும் கண்ணை விரித்துக்கொண்டு அதையே சொல்வார். போகாதவர்களுக்கும் இது மனப்பாடமாகிவிட்ட ஊரில் யாரை நம்புவது?

மெதுவான ஆட்டம் என்றேனே, அதைப் பார்க்காதவர்களுக்காக: பையன் கை பெண்ணின் இடுப்பில், பெண்ணின் கை பையன் தோளில். பிறகு இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நிற்க வேண்டும். பஸ் வராத நிறுத்தத்தில் நாம் நிற்பது அப்படித்தான், ஜோடி மட்டும் கிடையாது. அந்தக் காலத்துக் கத்தோலிக்கப் பள்ளி நடனங்களில் கன்னியாஸ்திரீகள் நடுவே நடந்துபோய், ஒட்டிக்கொண்டு நிற்கும் ஜோடிகளிடம், "பரிசுத்த ஆவிக்கு இடம் விடுங்கள்" என்பார்களாம். எவ்வளவு இடம் என்று இவர் இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே வைத்துக் காட்டுவார். மனைவி பக்கத்தில் இருந்தால் ஓர் அடி இடைவெளி. மனைவி சமையலறைக்குள் போனால் ஒரு சாண். ஒருநாள் அந்த அம்மாள் ஊரிலேயே இல்லை. பரிசுத்த ஆவி மூச்சுவிட முடியாத அளவுக்குக் கைகள் நெருங்கியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

வேறு பழக்கங்களும் உண்டு. இப்போதைய 'டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியைத் திட்டிக்கொண்டே ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பார். பேண்ட்ஸ்டாண்டில் புதுப் பாட்டுக்குப் பிள்ளைகளை மதிப்பெண் போடச் சொல்வார்கள். குறைந்தது 35, அதிகம் 98. (35 நம்மூர் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் மார்க். ஆக அங்கே எந்தப் பாட்டும் ஃபெயிலானதில்லை.) அதே கணக்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கும் மார்க் போடுவார். சாம்பாருக்கு 82, "நல்ல தாளம், ஆடலாம்" என்ற குறிப்போடு. வத்தக்குழம்புக்கு 61. என் மனைவி அதை மறக்கவில்லை.

நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். எழுபதாவது பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்து அவராகவே மாட்டிக்கொண்டார். 2019 நவம்பர் கடைசி. ஆகப் பிறந்தது 1949. பேண்ட்ஸ்டாண்டில் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதியில்லை. இவருக்குப் 14 நிரம்பியது 1963 நவம்பரில். 1964 தொடக்கத்தில் நிகழ்ச்சி மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டது. நடுவில் இருப்பது ஒரு குளிர்காலம். பனிக்குக் கணக்குச் சரியாக வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1963 செப்டம்பரிலிருந்தே நிகழ்ச்சி தினசரி இல்லை, சனிக்கிழமை மட்டும். இவர் கதையிலோ மணியடித்ததும் புத்தகப்பையோடு ஓடுகிறார். சனிக்கிழமை ஏது பள்ளிக்கூடம்? அது போகட்டும், ஜஸ்டீனும் பாபும் கொடிகட்டிப் பறந்தது ஐம்பதுகளின் கடைசியில். காது விழுந்த அன்று காதுக்குச் சொந்தக்காரருக்கு வயது எட்டோ ஒன்பதோ. பாபின் தோளுக்குப் பின்னால் அது தெரிய வேண்டுமென்றால் யாராவது இவரை இடுப்பில் தூக்கி வைத்திருக்க வேண்டும்.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அசரவில்லை. "ஜெர்ரி பிளவட் உள்ளே நுழைந்தபோது வயது 13" என்றார். அது உண்மை. பிற்பாடு இந்த ஊரின் பெரிய வானொலிக் குரலாக விளங்கி 2023-இல் காலமான பிளவட், 1953-இல் பதிமூன்று வயதில் அங்கே ஆடப் போனவர்தான். ஒருவர் விதியை மீறினார் என்பதிலிருந்து தானும் மீறினேன் என்று நிரூபிக்கும் அந்த வேகத்துக்கு எந்த வக்கீலும் ஈடாகமாட்டார்.

இந்த அளவோடு இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். "அந்த வரிசையில் எல்லாரும் நின்றோம். ஊரே நின்றது" என்பார் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் நிற்கவில்லை. ஸ்டுடியோ இருந்த மேற்கு பிலடெல்பியாவில் கறுப்பினக் குடும்பங்கள் வருஷத்துக்கு வருஷம் பெருகிய காலம் அது. அந்த வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார்கள். பலகை எழுதி மாட்டவில்லை. முன்கூட்டிக் கடிதம் எழுதிச் சீட்டு வாங்க வேண்டும், உடை சரியில்லை என்று இப்படி ஏதாவது ஒன்று. பாட வந்தவர்களில் கறுப்பினத்தவர் ஏராளம். அவர்கள் பாட்டுக்கு ஆட அவர்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை. தான் வந்ததும் எல்லாரையும் சேர்த்துக்கொண்டதாக டிக் கிளார்க் பிற்காலத்தில் சொல்லிவந்தார். மாத்யூ டெல்மான்ட் என்ற வரலாற்றாய்வாளர் பழைய ஆவணங்களைக் கிளறி, அன்றைய பிள்ளைகளையும் தேடிப் பேசி, அப்படி நடக்கவில்லை என்று 2012-இல் புத்தகமே போட்டுவிட்டார். பேண்ட்ஸ்டாண்ட் பிள்ளைகள் பேர் வாங்கிய 'ஸ்ட்ரோல்' ஆட்டம், பக்கத்து டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் மிட்ச் தாமஸ் நடத்திய நிகழ்ச்சியில் கறுப்பினப் பிள்ளைகள் ஆடியதை டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆட்டத்தை உள்ளே விட்டார்கள். ஆடினவர்களை விடவில்லை.

இதை ஒருமுறை வேலியருகே எடுத்தேன். கை டைக்குப் போகவில்லை. "அது அந்தக் காலம்" என்றார். நல்லதென்றால் 'எங்கள் காலம்', கெட்டதென்றால் 'அந்தக் காலம்'. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மத்தியானத்தில் நடந்தவை. நான் வேலைக்குப் போகும் ரயில் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறது. இப்போது அங்கே சிறுபான்மையினர் தொழில் தொடங்கக் கைகொடுக்கும் நிறுவனம் ஒன்று இயங்குகிறது. "உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?" என்று கூப்பிட்டேன். முழங்கால் வலி என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனோம். மகள் கல்யாண ரிசப்ஷன் வந்தது. "அவரைக் கூப்பிடாம எப்படிங்க? வத்தக்குழம்புக்கு 61 போட்ட ஆளா இருந்தாலும் பக்கத்து வீடு" என்றாள் மனைவி. வந்தார். கோட்டு, இந்த முறை நிஜமான டை.

குத்துப்பாட்டுகளுக்கு நடுவில் டிஜே பையனிடம் போய் ஏதோ காதில் சொன்னார். 'ஸ்லீப் வாக்' ஒலித்தது. 1959-இல் சாண்டோ, ஜானி என்ற அண்ணன் தம்பிகள் ஸ்டீல் கிட்டாரில் வாசித்த மெட்டு, பாடல் வரியே கிடையாது. மனைவியை எழுப்பி நடுவே கொண்டுவந்தார். அந்த அம்மாள் போகும் வழியில் என்னிடம் சொன்னது: "சர்ச் அடித்தளத்தில் நடக்கும் சனிக்கிழமை நடனத்தில்தான் இவரை முதலில் பார்த்தேன். ராத்திரி முழுக்கச் சோடா பாட்டிலோடு சுவரோரம் நின்றார். கடைசிப் பாட்டுக்கு நான்தான் போய்க் கூப்பிட்டேன்." நின்ற இடத்திலேயே இருவரும் கால் மாற்றினார்கள். பரிசுத்த ஆவிக்கு இடம் விடவில்லை. நன்றாகத்தான் இருந்தது. மார்க் போடச் சொன்னால் 90 போட்டிருப்பேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். திருச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மா வாசல் பக்கம் தாம்பூலப் பைகளோடு உட்கார்ந்திருந்தார். நம்மவர் நேரே அவர் முன்னால் போய் நின்றார், இடுப்பை வளைத்தார், உள்ளங்கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பார்த்தார். ஒரு தாம்பூலப் பையை எடுத்து அதில் வைத்தார். அவர் கையை எடுக்கவில்லை. அம்மா ஒரு கணம் யோசித்து, "வீட்ல எத்தனை பேரோ பாவம்" என்று இன்னொரு பையையும் வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்று கும்பிட்டார்.

அடுத்த வாரமே தெருவில் செய்தி பரவியிருந்தது. என் அம்மாவும் அவரும் ஒரு பாட்டு முழுக்க ஆடினார்களாம். இந்திய முறையில், நடுவில் தேங்காயோடு. அம்மா நேர்த்தியாக அடி வைத்தாராம், தாளம் பிசகவே இல்லையாம். தபால்காரர்கூட என்னை நிறுத்தி விசாரித்தார்.

ஊருக்குத் திரும்பிய அம்மாவிடம் ஃபோனில் இதைச் சொல்லி, "பார்த்தியாம்மா, எப்படிப் புளுகறார்னு" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. கொஞ்சம் தயங்கினார்.

"ஏன்டா, அவரு டிவில டான்ஸ் ஆடினவருதானே? நான் இங்க எதிர்வீட்ல, கோயில்ல எல்லாம் சொல்லிட்டேனே. அமெரிக்கா டிவில ஆடினவரு வந்து என்னையும் ஆடக் கூப்பிட்டாருன்னு… எந்த வருஷம்னு கேக்கறாங்க. 1957ன்னு சொல்லிட்டேன். சரிதானே?"