ஹாலில் ஒரு தாய்லாந்து போலீஸ்

பேங்காக்குக்கு டிக்கெட் போட்ட செய்தி பெரியப்பா காதுக்குப் போகக் கூடாது என்பதில் வீடே உறுதியாக இருக்கும். எப்படியும் போய்விடும். அன்று சாயங்காலமே அவருடைய செருப்பு வாசலில் கிடக்கும். "ஹனிமூனா? தாய்லாந்தா? பேஷ், நல்லபடியா திரும்பி வரணும்" என்று ஆரம்பிப்பார். அந்தத் 'திரும்பி'க்கு அவர் கொடுக்கும் அழுத்தத்திலேயே புதுப்பெண்ணின் முகம் வாடிவிடும்.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று 2023 நவம்பரில் தாய்லாந்து கதவைத் திறந்ததிலிருந்து மனிதருக்கு ஓய்வே இல்லை. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருத்தர் சிக்குவார். இப்போது நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் ஐ.டி. பையன்கள் பட்டாயாவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அத்தனை பேருக்கும் அறிவுரை சொல்ல ஒரே ஒரு பெரியப்பாதான் இருக்கிறார்.

மற்ற ஆபத்துகளை அவர் ஊறுகாய் மாதிரித்தான் தொட்டுக்கொள்வார். "அரண்மனை இன்னைக்கு லீவு" என்று சொல்லி ரத்தினக்கல் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகும் துக்-துக் ஆசாமிக்கு ஒரு வரி. திருப்பிக் கொடுக்கும்போது "இந்தக் கீறல் நீ போட்டது" என்று மல்லுக்கு நிற்கும் ஜெட்-ஸ்கீக்காரனுக்கு அரை வரி. பல பேருடைய பணத்தைத் தின்ற மோசடிகள் இவைதான் என்றாலும் அவருக்கு அதில் சுவாரசியம் இல்லை. அவருக்குப் போலீஸ் வேண்டும்.

போலீஸைப் பற்றி வாயால் சொன்னால் பிள்ளைகள் மனதில் பதியாது என்பது அவர் முடிவு. அதனால் ஒத்திகை. ஹாலில் டீப்பாயை நகர்த்தி அதன் பின்னால் ஒரு நாற்காலி போட்டால் பேங்காக் காவல் நிலையம் தயார். வேட்டியை மடித்துக் கட்டி, டி.வி. ரிமோட்டை வாக்கி-டாக்கியாகப் பிடித்துக்கொண்டு உட்காருவார். தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க்காக ரிடையரானவர் என்பதால், எதிரில் நிற்பவரை நிற்கவைத்தே பேசுவது தானாக வரும். புது மாப்பிள்ளை கைகட்டி நிற்பார்.

"பாஸ்போர்ட்?"

"ரூம்ல இருக்கு பெரியப்பா."

"பெரியப்பாவா? நான் தாய்லாந்து போலீஸ்."

"ரூம்ல இருக்கு சார்."

"போச்சு. உள்ள வெச்சாச்சு. அடுத்த ஆள் வா."

மாப்பிள்ளை சுதாரித்துக்கொண்டு இரண்டாவது சுற்றில் பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார். அதுவும் தப்பு. "ஒரிஜினலைத் தூக்கி யார் கையில வேணும்னாலும் குடுத்துடுவீங்களா? வந்தவன் போலீஸே இல்லேன்னா?" மூன்றாவது சுற்றில் நகலை நீட்டினால், "நகல் செல்லாது, ஒரிஜினல் எங்கே?" சிரித்தால், "என்ன இளிப்பு? கஞ்சாவா?" சிரிக்காவிட்டால், "முகம் ஏன் இறுகிக் கிடக்கு? என்னத்தை மறைக்கிறீங்க?" இந்தப் பரீட்சையில் இதுவரை யாரும் பாஸானதில்லை. சமையலறையிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்து, "கைதிக்குக் காபியில சர்க்கரை உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஒரு தடவை சட்டம் படிக்கும் மருமகள் மாட்டினாள். அவள் விறைப்பாக நின்று, "1963 வியன்னா ஒப்பந்தம் 36-வது பிரிவுப்படி என் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்றாள். பெரியப்பா ஒரு நிமிஷம் ரிமோட்டையே பார்த்தார். "சட்டம் பேசுறியா? கூட ரெண்டு நாள்." அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெளிநாட்டில் கைதானால் முதலில் கேட்கவேண்டியதே அதுதான். ஆனால் அவருடைய ஸ்டேஷனில் வியன்னா செல்லாது. அங்கே இருக்கும் தாய்லாந்து போலீஸ் அசல் கோடம்பாக்கத்துத் தயாரிப்பு. "எங்கேருந்து வர்ற?" என்று தொப்பியைச் சரிசெய்தபடி கேட்பவர்.

சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தாய்லாந்தில் தனிப் போலீஸ் பிரிவு உண்டு. 1155 என்று அழைத்தால் ஆங்கிலத்தில் பேச ஆள் கிடைக்கும். அங்கேயே குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் சிலர்கூட அந்தப் பிரிவில் தொண்டர்களாக நிற்கிறார்கள். இதைச் சொன்னால் பெரியப்பா கண்ணை இடுக்குவார். "அதுதான் பொறி."

அவர் சொல்வதெல்லாம் பொய் என்றால் ஒதுக்கித் தள்ளிவிடலாம். பாதி உண்மை, தொல்லையே அதுதான். 2023 ஜனவரியில் தைவான் நடிகை ஒருவர், பேங்காக்கின் ஹுவாய் குவாங் பகுதிச் சோதனைச்சாவடியில் போலீஸாருக்கு 27,000 பாட் கொடுக்கவேண்டி வந்தது என்று புகார் சொன்னார். முதலில் போலீஸ் தரப்பில் அப்படி நடக்கவே இல்லை என்றார்கள். பிறகு அந்தப் போலீஸார்மீதே நடவடிக்கை வந்தது. பெரியப்பா வாயில் இந்த 27,000 தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் ஆகிவிட்டது. அந்த விவகாரத்தின் நடுவில் இருந்தது ஒரு மின்சிகரெட் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை, அப்படி ஒரு வஸ்து உண்டென்பதே அவருக்குத் தெரியாது. தாய்லாந்து 2014-லேயே அதன் இறக்குமதிக்கும், அடுத்த வருஷம் விற்பனைக்கும் தடை போட்டுவிட்டது. நம் நாட்டிலும் 2019-லிருந்து விற்கக் கூடாது. மூன்று சுற்று விசாரணையில் தோற்று நின்ற மாப்பிள்ளையின் முதுகுப்பையில் அது ஒன்று இருந்தது. பெரியப்பா பையைச் சோதனையும் போட்டார். "பென் டிரைவா? சரி, வெச்சுக்குங்க."

இன்னொரு கதை சீட்டுக்கட்டு. 2016 பிப்ரவரியில் பட்டாயாவை ஒட்டிய ஜோம்தியெனில் பிரிட்ஜ் ஆடிக்கொண்டிருந்த 32 வெளிநாட்டவரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அதில் 84 வயதுப் பாட்டியும் ஒருவர். ஆளுக்கு 5,000 பாட் பிணை கட்டி நள்ளிரவுக்கு மேல் வெளியே வந்தார்கள். அனுமதியில்லாமல் 120 சீட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 1935-ம் வருஷச் சட்டம் ஒன்று இருப்பது உலகத்துக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியப்பாவுக்கு இது தேவாமிர்தம். நம் குடும்பத்தில் ஆறேழு பேர் உட்கார்ந்து ரம்மி ஆட மூன்று கட்டு வேண்டும். ஜோக்கரைத் தள்ளினாலே 156 சீட்டு. ஒரு கோஷ்டி கிளம்பிய அன்று மூன்று கட்டையும் கட்டில்மேல் கொட்டி, 119 சீட்டை எண்ணி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். கிளாவர் பேருக்கு இரண்டே இரண்டு இருந்த சீட்டை வைத்துக்கொண்டு அவர்கள் ஓட்டலில் ராத்திரி முழுக்க ரம்மி சேராமல் தவித்தார்கள். மிச்சம் 37 இன்னமும் பெரியப்பா வீட்டு டிராயரில்தான் இருக்கிறது.

பயணக்காரர்களை எச்சரிக்கும் இந்த வேலையைத்தான் அரசாங்கங்களும் செய்கின்றன, கொஞ்சம் மரியாதையாக. அமெரிக்க வெளியுறவுத் துறை உலகத்து நாடுகளை நாலு படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் படி சாதாரண கவனம், நாலாவது படி போகவே போகாதே. இந்தியா பல வருஷமாக இரண்டாவது படியில், 'கூடுதல் கவனம்' என்ற குறிப்போடு இருக்கிறது. இதைப் படித்துக் காட்டியபோது பெரியப்பாவுக்கு வந்த கோபம்! "நம்ம ஊருக்கு என்னடா குறைச்சல்? கண்டதையும் எழுதி வர்றவனைப் பயமுறுத்துறானுங்க!"

அவருடைய சொந்த அனுபவம் என்ன என்று கேட்கக் கூடாது. கேட்டால் பெரியம்மா சொல்லிவிடுவாள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பாக்கேஜ் டூரில் சிங்கப்பூர் போனார். லிட்டில் இந்தியாவில் கூட்டத்தில் வழி தவறி நின்றார். ஒரு போலீஸ்காரர் வந்து தமிழிலேயே வழி சொல்லி, "பாத்துப் போங்கய்யா" என்று ரோட்டைக் கடத்திவிட்டார். அந்தப் போலீஸ்காரரைப் பற்றி பெரியப்பா வாய் திறந்ததே இல்லை.

ஆனாலும் பயணக்காரர்களின் பாஸ்போர்ட்டை மூன்று நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்பக்கம் தன் நம்பரைப் பச்சை மையில் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். விமானம் இறங்குகிற நேரம் விடிகாலை மூன்று என்றால், மூன்றேகாலுக்கு "இறங்கியாச்சா?" என்று போன் வரும். அப்பா அம்மாகூடத் தூங்கிப்போயிருப்பார்கள். அந்த ஒரு போனுக்காகவே அவரை மன்னித்துவிடலாம் என்று தோன்றும்.

மன்னிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதே தெருவில் ஒரு பையனுக்குத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை வந்தது. டேட்டா என்ட்ரி, லட்சத்தைத் தொடும் சம்பளம், டிக்கெட்டும் அவர்களே போடுவார்கள், இன்டர்வியூ என்ற பெயரில் போனில் பத்து நிமிஷப் பேச்சு. பெரியப்பா நாற்காலி போடவில்லை, ரிமோட்டை எடுக்கவில்லை. ஸ்வீட் பாக்ஸும் 501 ரூபாயும் கொண்டுபோய்க் கொடுத்து, "தம்பி முன்னுக்கு வந்துட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னார். பையனின் அக்காதான் சந்தேகப்பட்டுத் தோண்டித் துருவித் தடுத்தாள்.

இந்த வலையைப் பற்றி நம் வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பக்கம் அடைத்துவைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். அடுத்த மாதமே மீட்கப்பட்ட 13 பேர் தமிழ்நாடு வந்து சேர்ந்தார்கள். முதலாளியிடமிருந்து தப்பிய வேறு சிலர், சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்ததாக மியான்மர் அதிகாரிகளின் காவலில் மாட்டிக்கொண்டார்கள். கடத்தப்பட்டவனே குற்றவாளி! 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களைத் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்கள் ஏற்றிவந்தன. நாலு நாள் சுற்றிப்பார்க்கப் போகிறவனைக் கைகட்டி நிற்கவைக்கிறோம். பிழைக்கப் போகிறவனுக்கு லட்டு கொடுத்து அனுப்புகிறோம். இது பெரியப்பாவின் தப்பு மட்டும் இல்லை. சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் கேள்வி மறந்துபோகிறது.

உங்கள் வீட்டுப் பெரியப்பாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். அடுத்த முறை போலீஸாக வேண்டாம், ஏஜென்ட்டாக உட்காரட்டும். பிள்ளை நின்றுகொண்டு கேட்கட்டும்: உங்கள் பதிவு எண் என்ன, கம்பெனி எந்த ஊர், ஏன் டூரிஸ்ட்டாகப் போகச் சொல்கிறீர்கள்? வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கப் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. பார்க்கக் காசு கிடையாது.