பழைய லேத்தும் பேசாத குதிரையும்: பணம் திரும்பும் முறை குறித்து ஓர் ஆராய்ச்சி

பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குச் சாஸ்திரம் உண்டு. காக்கை கரைந்தால் யார் வருவார் என்பதற்கும் உண்டு. இணையத்தில் படம் பார்த்துப் பணம் அனுப்பி வாங்கிய பழைய டிரில்லிங் மெஷினைப் பிளக்கில் சொருகும்போது புகை எந்தப் பக்கம் வந்தால் பணம் திரும்பும் என்பதற்கு மட்டும் நம் முன்னோர் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அந்தப் பெருங்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் ஏற்கெனவே மூன்று கொள்கைகள் புழங்குகின்றன. விவரம் தெரிந்தவன் ஏமாற மாட்டான் என்பது ஒன்று. பெரிய தளத்தில் வாங்கினால் தளம் பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. எதற்கும் நுகர்வோர் கோர்ட் இருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றும் அரைகுறை என்று காட்டிவிட்டு நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்; அசட்டுக் கேள்விக் கோட்பாடு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பணம் அனுப்பும் முன் வாங்குபவர் எழுத்தில் கேட்கும் அசட்டுக் கேள்வியும், அதற்கு விற்பவர் எழுத்தில் தரும் பதிலும்தான் பழைய கருவிக்கு உள்ள ஒரே கியாரண்டி. மற்றதெல்லாம் மனச்சமாதானம்.

முதலில் வரலாற்றுச் சான்று. இணையத்தில் பழைய பொருள் விற்ற கதையே உடைந்த பொருளில்தான் தொடங்குகிறது. 1995-இல் பியர் ஒமிட்யார் ஆரம்பித்த ஏலத் தளம்தான் பின்னால் ஈபே ஆயிற்று. அதில் முதலில் விலை போனது வேலை செய்யாத ஒரு லேசர் பாயிண்டர், விலை 14.83 டாலர். விற்றவருக்கே மனசு கேட்காமல், இது உடைந்தது என்று தெரிந்துதானே வாங்குகிறீர்கள் என்று எழுதிக் கேட்டாராம். உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேர்ப்பதே தன் பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம். உலகத்தில் எதற்கும் ஒரு கிராக்கி உண்டு என்பதற்காகவே இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். ஆய்வாளர் கண்ணில் படவேண்டியது வேறு: கேள்வியைக் கேட்டவர் விற்றவர். அந்த நல்ல வழக்கம் அத்தோடு நின்றுபோய், கேட்கிற வேலை வாங்குபவர் தலையில் விழுந்துவிட்டது. பொருளாதாரம் இதற்கு முன்பே எச்சரித்திருந்தது. பழைய கார் சந்தையில் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சந்தேக விலையே சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவர் இந்த விலைக்கு வேண்டாம் என்று ஒதுங்கிப் போவார். கடைசியில் சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதினார். 2001-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. காருக்காவது ஆர்.சி. புத்தகம் உண்டு, ஓடிய கிலோமீட்டர் உண்டு (அதையும் திருப்பி வைப்பார்கள் என்பது வேறு சங்கதி). கையில் பிடிக்கும் கிரைண்டருக்கு ஜாதகமே கிடையாது. எத்தனை கார்பன் பிரஷ் தின்றது, ஆர்மேச்சர் எத்தனை தடவை ரீவைண்டிங் ஆனது என்பதெல்லாம் அதற்கும் அதன் பழைய முதலாளிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

இனிச் சட்டச் சான்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு மோசடியைப் பற்றியது. அதன் கீழே உதாரணமாக ஒரு குதிரை நின்றுகொண்டிருக்கிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். சும்மா இருப்பது குற்றமில்லை. வாங்குபவர் அப்போதுதான் மேஜரான, விற்பவருடைய சொந்த மகளாக இருந்தால் சொல்லியே ஆகவேண்டும் என்பது அடுத்த உதாரணம். இணையத்தில் கிரைண்டர் விற்பவர் வாங்குபவருக்குத் தகப்பனாராக அமைவது அபூர்வம் என்பதால் இதை விட்டுவிடலாம். மூன்றாவது உதாரணத்தில்தான் நம் கோட்பாட்டின் வேர் இருக்கிறது. நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் சொல்கிறார். விற்பவர் பேசாமல் இருக்கிறார். இப்போது அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். குதிரை அதே குதிரை, மௌனமும் அதே மௌனம். நடுவில் வந்து விழுந்த ஒரு வாக்கியம் மட்டுமே புதிது. இரண்டு நீல டிக் விழுந்தும் பதில் வராத வாட்ஸ்அப் மௌனத்தைச் சட்டம் எழுதியவர்கள் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே யோசித்துவிட்டார்கள் என்று நான் வாதிட மாட்டேன்; ஆனால் அவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்காது. 19-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. மௌனத்தால் ஏமாந்தவர், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. தெரிந்தே வாய் திறந்து பொய் சொன்னவருக்கு இந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. ஆகவே வாங்குபவரின் வேலை குறையைக் கண்டுபிடிப்பதல்ல, விற்பவரைப் பேச வைப்பது.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் எழுந்து ஆட்சேபிப்பார்கள். நேரில் போய் ஓட்டிப் பார்த்து வாங்கினால் இந்த வம்பே இல்லையே என்பார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆம் பிரிவில், அப்படிப் போகிறவருக்கு ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. அந்த வகைச் சரக்கில் வியாபாரம் செய்கிறவரிடம் விவரம் சொல்லி வாங்கிய பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும்; ஆனால் வாங்குபவர் அதைப் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்பவர் பொறுப்பில்லை. பார்க்காதவருக்கு இரங்கும் சட்டம், பார்த்தவரைப் பார்த்து, நீதான் பார்த்தாயே என்கிறது. பழைய லேத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். பெட் தேய்வது பெரும்பாலும் சக்குக்குப் பக்கத்தில். ஏனென்றால் வேலை முழுக்க அங்கேதான் நடக்கும். கேரியேஜைச் சக்குப் பக்கம் தள்ளி வைத்துப் படம் எடுத்தால் அந்த இடம் மறைந்துவிடும். கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எவ்வளவு ப்ளே என்று கைக்குத் தெரியும், ஆனால் கை தெரிந்துகொண்டதை வழக்கில் யார் நம்புவார்? பெஞ்ச் வைஸில் விரிசல் விட்ட தாடையைப் பித்தளை வைத்துப் பற்றவைத்துப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டால், பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க எந்த முதலாளியும் விடமாட்டார். வெர்னியர் காலிப்பர் கொஞ்சம் நேர்மையான ஜன்மம். இரண்டு நாக்கையும் மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், தேய்ந்திருக்கும் இடத்தில் மயிரிழை போல ஒளி கசியும். அந்தச் சோதனையைச் செய்து காட்டும் வீடியோவை விற்பவரிடமே கேட்டு வாங்குவதுதான் சரி. பார்த்தவர் அவர், படம் எடுத்தவர் அவர், அனுப்பியவரும் அவர். நமக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்தது தளத்தை நம்புவோர் கட்சி. இவர்களுக்குப் பாதி நியாயம் உண்டு. ஈபே தன் உத்தரவாதத்தில், சொன்னபடி இல்லாத பொருளுக்குப் பழையது புதியது பாராமல் பணத்தைத் திருப்பித் தருகிறது. அங்கேயும் சண்டை முழுக்க விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பற்றித்தான். நம் நாட்டில் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் குறைதீர்க்கும் அதிகாரி வேண்டும், 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும் என்றெல்லாம் கறாராகப் பேசுகின்றன. சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லவும் கூடாது. ஆனால் தொழிலாகவோ தொடர்ச்சியாகவோ இல்லாமல், தனி மனிதர் சொந்த முறையில் விற்பதற்கு இந்த விதிகள் பொருந்தா. பழைய கருவி விற்கும் எல்லோரும் பார்வைக்குத் தனி மனிதர்களே. அப்பா காலத்து மெஷின், இடம் அடைக்கிறது, அதனால்தான் தருகிறேன் என்பார்கள். ஒரே சிமெண்ட் தரையில், ஒரே நீல ஷட்டருக்கு முன்னால், ஐந்து விளம்பரங்களில் ஐந்து அப்பாக்களின் மெஷின்கள் நின்றால் அவரைத் தொழில்முறையாளர் என்று கொள்ளலாம். ஆகவே பணம் அனுப்புமுன் அவருடைய மற்ற விளம்பரங்களையும் படம் பிடித்து வைப்பது ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. விற்ற மறுநாளே விளம்பரம் காணாமல் போய்விடும்.

நுகர்வோர் கோர்ட் கட்சியினருக்குக் கோயம்புத்தூரிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. மகாராஷ்டிரத்துச் சிறுதொழில் நிறுவனமான லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், பி.எஸ்.ஜி. தொழில் நிலையத்திடம் ஒரு சி.என்.சி. டர்னிங் மெஷின் வாங்கிவிட்டு, தாமதம், குறை என்று வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1995 ஏப்ரலில் வந்த தீர்ப்பில், வாங்கியது வியாபார நோக்கத்துக்கு, எனவே நுகர்வோரே அல்ல, வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே தீர்ப்பு, பிழைப்புக்காகத் தானே ஓட்ட லேத் வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்றும் சொல்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த விளக்கம் நிற்கிறது. அதாவது மெஷினில் குறை இருக்கிறதா என்பதற்கு முன்னால், கைப்பிடியைத் திருப்பப் போவது யார் கை என்று கேட்பார்கள். வீட்டில் பொழுதுபோக்குக்கு வாங்குகிறவருக்குக் கவலையில்லை. பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, குடியிருக்கும் ஊரிலேயே புகார் போடலாம் என்பதெல்லாம் உண்மையான சௌகரியங்கள். ஆனால் ஆணையத்தின் முன்னால் போய் நின்றதும் அவர்கள் கேட்கப் போவது, விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்பதையே.

இதுவரை ஆய்வாளர்கள் கண்டுகொள்ளாத இன்னொரு காரணி எடை. பணம் திரும்பும் வாய்ப்பு பொருளின் எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதை விதியாகவே நிறுவலாம். வெர்னியரைக் கூரியரில் திருப்பிவிடலாம். இருபது கிலோ வைஸைத் திருப்ப லாரி பார்சல் சர்வீஸில் ‘டு பே’ போட்டால், அந்தப் பக்கம் எடுக்க ஆள் வரமாட்டார். ஆறடி லேத் வந்து இறங்கிவிட்டால் அது குடும்ப உறுப்பினர். இந்த இடத்தில்தான், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளலாம் என்ற சமரசம் பிறக்கிறது. இது நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. பண்டை ரோமாபுரியில் சந்தையைக் கவனித்த அதிகாரிகள், குறையுள்ள மாட்டைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழக்கும், மாட்டை வைத்துக்கொண்டு விலையைக் குறைக்க இன்னொரு வழக்குமாக இரண்டு வழி வைத்திருந்தார்கள். நம் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளம். நியாயமாக நிராகரித்த பொருளைத் திருப்பி அனுப்பும் கடமையே வாங்குபவருக்கு இல்லை, வேண்டாம் என்று தெரிவித்தாலே போதும் என்கிறது 43-ஆம் பிரிவு. வைஸ் திண்ணையிலேயே கிடக்கலாம். எடுத்துப் போவது விற்றவர் பாடு. ஆனால் அதற்கு முந்திய பிரிவைப் படிக்காதவர்கள் கெட்டார்கள். வந்த பொருளைத் தன் சொந்தப் பொருளைப் போல நடத்தினாலும், நியாயமான காலம் கடந்தும் சொல்லாமல் வைத்திருந்தாலும் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். விவரம் தெரிந்தவர் இங்கேயும் தோற்கிறார். மெஷின் உறுமினால் அவர் கை சும்மா இருக்காது. ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கழற்றி, பேரிங் மாற்றி, கிரீஸ் வைத்து, அப்புறம்தான் புகார் எழுத உட்காருவார். அசடு மட்டும் தொடாமல் வீடியோ எடுத்து அன்றைக்கே அனுப்பியிருக்கும்.

பணமே போய் மெஷின் வராத வகையைத் தனியாக ஆராயத் தேவையில்லை, அது திருட்டு. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை என்ற ஒன்றை நினைவில் வைத்தால் பாதி தப்பிக்கலாம். மீதிக்கு உடனே சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும். அந்த எண்ணும் 1930. சரக்கு விற்பனைச் சட்டத்தின் ஆண்டும் 1930. இதில் ஏதோ சூட்சுமம் இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. எண் கணித நிபுணர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

கடைசி ஆட்சேபம் வலுவானது. இத்தனை கேள்வி கேட்டால் விற்பவர், வாங்குனா வாங்குங்க, இல்லேன்னா விடுங்க என்று கடுப்பாகிவிடுவாரே? ஆகட்டும். ஓடுகிற மெஷினை ஓடுகிறது என்று எழுத யாருக்கும் கை வலிக்காது. ஆகவே இந்தச் செய்தியைப் பரிந்துரைக்கிறேன்: “அண்ணே, எனக்கு மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாது, நீங்க சொல்றதை நம்பித்தான் வாங்குறேன். வீட்டு சிங்கிள் பேஸ் லைன்ல ஓட்டணும், ஓடுமா? உடைஞ்சு ஒட்டின இடம் எங்கேயாவது இருக்கா? இருக்குன்னு நீங்க சொல்லாட்டி இல்லைன்னு எடுத்துக்கிறேன்.” முதல் வரி விற்பவரின் திறமையை நம்பியதற்கு ஆதாரம். இரண்டாவது வரியால் என்ன உபயோகத்துக்கு என்பது பதிவாகிறது. மோட்டார் ஓகே என்று உண்மையே சொல்லி மூன்று பேஸ் மோட்டாரைத் தள்ளிவிடுவதற்கு இது மருந்து. கடைசி வரியில் குதிரை. பதிலாக ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தால்? கனடாவின் சாஸ்கச்சுவான் மாகாணத்தில் ஆளி விதை விற்ற விவசாயி ஒருவர், ஒப்பந்தத்தின் படத்துக்குக் கட்டைவிரலை அனுப்பிவிட்டு, பார்த்தேன் என்றுதான் அர்த்தம் என்று வாதிட்டார். அது சம்மதமே என்று 2023-இல் நீதிபதி தீர்த்தார். எண்பதாயிரம் டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. ஆகையால் கட்டைவிரல் சரி. நம்மூர் விற்பனையாளர்கள் கேள்வி நெருக்கும்போது அனுப்புவது கூப்பிய கைகளை. அது ஆமாமா, இல்லையா, ஆளை விடு என்பதா என்று எந்தச் சட்டத்தை வைத்தும் சொல்ல முடியாது. அது வந்தால் பணம் அனுப்பவேண்டாம்.