எதிரே வரும் ஏப்பம்: மட்டாஞ்சேரியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

வெளியூர் போனவன் கேட்கும் கேள்விகளில் மூத்தது, "இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்பது. இந்தத் துறையில் தமிழர் எவரும் ஆராய்ச்சி செய்யவில்லையே என்று நெடுநாள் வருந்திக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே முடித்து வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதை ஐந்து மதிப்பெண் வினாவாகப் படித்துத் தொலைத்துவிட்டோம்.

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. அந்த ஐந்தில் திருமுருகாற்றுப்படையை விலக்கிவிடலாம். அது வீடுபேற்றுக்கு வழி சொல்வது, நமக்கு வேண்டியது கடைக்கு வழி. மற்ற நான்கிலும் கதை ஒன்றே. ஒரு கலைஞன் வள்ளலிடம் போய் வயிறார உண்டு, பரிசில் வாங்கித் திரும்புகிறான். எதிரே இன்னொருவன் ஒட்டிய வயிறும் வாடிய சுற்றமுமாக வருகிறான். உண்டவன் உண்ணாதவனை நிறுத்தி, எந்த வழியாகப் போக வேண்டும், எந்த ஊரில் யார் என்ன போடுவார்கள் என்று சொல்லி அனுப்புகிறான். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் சுட்ட குழல்மீன், வேலூரில் எயினர் தரும் புளிச்சோறும் ஆமான் சூடும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். வழியும் பண்டமும் பரிமாறுபவரும் ஒழுங்காக வந்துவிடுகின்றன. பொருநராற்றுப்படைக்காரன் இன்னும் ஒரு படி மேல்: கரிகாலன் வீட்டில் இறைச்சி தின்று தின்று, கொல்லை உழுத கொழுவைப்போலத் தன் பல் மழுங்கிப்போயிற்று என்கிறான். இதற்கு மேல் ஒரு சான்றிதழ் எந்த உணவகத்துக்கும் கிடைத்ததில்லை.

புலவர் பெருமக்கள் இதைப் பாடாண் திணையில் சேர்த்து மன்னன் புகழ் என்று முடித்துவிட்டார்கள். என் கருதுகோள் வேறு. ஆற்றுப்படையின் உயிர், புகழப்படும் மன்னனிடம் இல்லை. சொல்பவனின் வயிற்றில் இருக்கிறது. இப்போதுதான் உண்டு, அந்த ஏப்பத்தோடு எதிர்த்திசையில் வருபவன் ஒருவனே நம்பத்தக்கவன். இதை "எதிர் ஏப்பக் கொள்கை" என்று பெயரிட்டுக்கொள்கிறேன்.

அஃதேல், அவனும் பரிசில் வாங்கியவன்தானே, காசு வாங்கிக்கொண்டு காணொளி போடும் இக்காலத்தாருக்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு எனின்: அற்றன்று. காணொளிக்காரர் முதல் வாய் வைப்பதற்கு முன்பே கண்ணை மூடித் தலையாட்டுகிறார். பாணன் முழுக்கச் சாப்பிட்ட பிறகு பேசுகிறான். இந்த விடை எனக்கே முக்கால்வாசிதான் திருப்தி தருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலை நாட்டில் இதே துறையைத் தொடங்கியவர்கள் டயர்க்காரர்கள். பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள் 1900-இல் கார் வைத்திருப்போருக்கு இலவசக் கையேடு ஒன்றை வெளியிட்டார்கள். காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனால் டயர் தேயும், தேய்ந்தால் விற்கும். 1926-இல் அதில் உணவகங்களுக்கு நட்சத்திரம் வந்தது. மூன்று நட்சத்திரம் என்றால் அதற்காகவே பயணம் போகலாம் என்று பொருள். எத்தனை தூரமானாலும் போ, டயர் எங்களிடம் இருக்கிறது என்பது உட்பொருள். வழி சொல்பவனுக்கு வழியில் ஒரு கடை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இக்கொள்கையைச் சோதிக்கக் கொச்சியின் மட்டாஞ்சேரியைத் தேர்ந்தேன். காரணம் உண்டு. நடந்தே கடந்துவிடக்கூடிய இந்தச் சிறு நிலத்தில் கொங்கணியர், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தமிழர், யூதர் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் வாழ்ந்ததாகச் சொல்வார்கள். தெருவுக்குத் தெரு அடுப்பு மாறும். பஜார் ரோடு முழுக்க மிளகு, சுக்கு, அரிசிக் கிடங்குகள். மிளகு என்றதும் ஒரு சொல்லாராய்ச்சி இங்கே இன்றியமையாதது. சங்கத் தமிழில் கறி என்றால் மிளகு. பெரும்பாணாற்றுப்படையில் மாதுளங்காயோடு சேர்வது அந்தக் கறிதான். இன்றைய தமிழில் கறி என்றால் இறைச்சி. மலையாளத்தில் கறி என்றால் குழம்பு, எதுவானாலும். ஆகவே மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டு "கறி இருக்கா?" என்று ஒரு தமிழன் கேட்டால், அவனுக்கு மிளகும் கிடைக்கலாம், பருப்பும் கிடைக்கலாம். சைவ உணவுக்காரரான என் மனைவி "ஊணு தயார்" என்ற பலகையை "ஊன் தயார்" என்று படித்து அரைத் தெரு தள்ளிப் போய் நின்றதும் இவ்வகையே. றன்னகரமும் டண்ணகரமும் உயிர்காக்கும் எழுத்துகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆய்வுக்குழுவில் மூவர்: நான், மனைவி, மனைவியின் தம்பி. எர்ணாகுளத்திலிருந்து, 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வந்துவிட்ட வாட்டர் மெட்ரோவில் போய் இறங்கினோம். இறங்கியதும் மைத்துனன் கைப்பேசியைத் தூக்கினான்.

"மாமா, இங்க பாருங்க, நாலு புள்ளி மூணு போட்டிருக்குது. ஆயிரத்துச் சொச்சம் பேரு போட்டிருக்கறாங்க."

"மாப்ள, அந்த ஆயிரம் பேர்ல எத்தன பேருக்குப் புட்டு அவிக்கத் தெரியும்?"

கேட்கவில்லை. போனோம். கடைப்பெயர் வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்ட உணவுப்பட்டியல் பதினான்கு பக்கம். சீனா, பஞ்சாப், இத்தாலி எல்லாம் கடந்து கடைசிப் பக்கத்தில் "கேரளா ஸ்பெஷல்" என்று சொந்த ஊர் வாசலில் செருப்பருகே உட்கார்ந்திருந்தது. மீன் குழம்பு வந்தது. தக்காளி சாஸில் மீன் தவறி விழுந்துவிட்டது போலிருந்தது. இதிலிருந்து வருவிக்கப்பட்ட பக்க விதி: பட்டியலின் பக்கங்கள் கூடக்கூடச் சமையற்காரரின் நினைவாற்றல் குறையும். பட்டியலே இல்லாமல், "மத்தி உண்டு, அயலை தீர்ந்நு" என்று வாயால் சொல்லும் கடையில் இவ்விதி பூச்சியத்தைத் தொடுகிறது.

அடுத்து ஆட்டோக்காரர். "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் அவர் நம் சட்டையைப் பார்த்துப் பதில் சொல்கிறார், சட்டை வெளுப்பாக இருந்தால் ஏசி உள்ள கடை. அதிலும் "ஹோட்டல்" என்றால் நமக்கும் மலையாளிக்கும் சாப்பாட்டுக்கடை, வெள்ளைக்காரருக்குத் தங்குமிடம். சோறு கேட்டு அறைச்சாவி பெற்றவர்கள் இருக்கக்கூடும். கேள்வியைத் திருத்தினேன். "சேட்டா, இன்னு எவிடெயா ஊணு கழிச்சது?" பரிந்துரையைக் கேட்காமல், இன்று நடந்ததைக் கேட்பது. ஆட்டோக்காரர் ஒரு கணம் திகைத்தார், காவல்துறை விசாரணையோ என்று. பிறகு சொன்னார்: "வீட்டில்."

விடாமல் இன்னும் பலரிடம் கேட்டேன். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் தமிழ் வண்ணார் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் தோபி கானா இருக்கிறது. கயிற்றை முறுக்கி அதன் இடுக்கில் துணியைச் செருகிக் காயவைப்பார்கள், கிளிப்பே வேண்டாம். அங்கே ஒரு பெரியவர் நல்ல தமிழில் பேசினார். நம் ஊர் நாக்கு, இந்த ஊர் அனுபவம்; இவரைவிடச் சிறந்த தகவலாளி அமையமாட்டார் என்று மகிழ்ந்தேன். "எங்கய்யா சாப்பிடுவீங்க?" என்றேன். "வீட்டுக்குப் போயித்தான் தம்பி. கடையில எவன் குடுப்பான் காசு?" ஊரை நன்கு அறிந்தவர் கடையை அறியார், கடையை அறிந்தவர் ஊருக்குப் புதியவர். இம்முரண்பாட்டை இப்போதைக்கு இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், பின்னால் அது என்னைத் தேடி வரும்.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களும் உண்டு: காயிக்கா பிரியாணி. காயி என்பவர் 1948-இல் தொடங்கிய ரஹ்மத்துல்லா ஹோட்டல், நியூ ரோட்டில் இருக்கிறது. ஊரார் "காயீஸ்" என்கிறார்கள். பகல் பிரியாணி உச்சி சாய்வதற்குள் தீர்ந்துவிடும் என்பதால் நேரத்தோடு போகச் சொல்வார்கள். பெயர் பெற்றதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆய்வு நோக்கில் இந்தப் பதில் பயன்படாது. தமிழில் நல்ல புலவர் யார் என்று கேட்டால் கம்பர் என்பது போன்றது. மறுக்க முடியாது, சொன்னவர் படித்தாரா என்பதும் தெரியாது.

குஜராத்தித் தெருவுக்குப் போனபோது மணி பன்னிரண்டை ஒட்டியிருந்தது. தர்மநாதர் சமணக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தீனி வைப்பது வழக்கம். கூட்டமாக வானத்தில் வட்டமடித்து, நேரம் வந்ததும் மொத்தமாக முற்றத்தில் இறங்கின. நாலு புள்ளி மூணு என்று எதுவும் பார்த்ததாகத் தெரியவில்லை. கூட்டம் உள்ள கடையே நல்ல கடை என்னும் "புறாக் கொள்கை"யினர் இதைச் சான்று காட்டுவர். பாதி உண்மைதான். கூட்டத்தின் அளவைவிட அதன் நேரம் முக்கியம். காலை பத்து மணிக்கே கூட்டமென்றால் அது பயணிகள் பேருந்து. பன்னிரண்டரைக்கு, கடிகாரம் பார்க்காமல், சுருட்டிய லுங்கியோடு வரும் கூட்டமே கூட்டம். பக்கத்திலேயே சாந்திலால் மிட்டாய்வாலா கடை இருப்பதால் குழுவின் ஆராய்ச்சி மனப்பான்மை சிறிது நேரம் டோக்ளாவிடம் தோற்றது. அதைப் பதிவு செய்கிறேன், விளக்கமாட்டேன்.

இனி முதன்மைச் சோதனை. பஜார் ரோட்டில் ஒரு கிடங்கின் நிழலில், ஒன்றேகால் மணிக்கு, முதுகைச் சுவரில் சாய்த்து நின்றுகொண்டேன். எதிரே வருபவர்களைப் பார்ப்பது மட்டுமே வேலை. மிளகு நெடியில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தும்மல். உண்டவரை உண்ணாதவரிடமிருந்து பிரித்தறிய நான் கண்ட குறிகள்: மடித்துக் கட்டிய முண்டை அவிழ்த்துத் தாழ விட்டிருப்பார், நடையில் அவசரம் இராது, கை கழுவிய பிறகும் யாரும் பார்க்காதபோது விரல் நுனியை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோவார். இந்த மூன்றாவது குறிக்கு நிகரான தரக்குறியீடு உலகில் இல்லை. உப்பிட்டவரை நாக்கு மறந்தாலும் விரல் மறப்பதில்லை.

அப்படி ஒரு சுமட்டுத் தொழிலாளி வந்தார். தோளில் சிவப்புத் தோர்த்து, பல்லிடுக்கில் ஈர்க்குச்சி, ஏப்பம். "எவிடெயா..." என்று நான் தொடங்குவதற்குள், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினார். "ஆ வளைவு கழிஞ்ஞு. வேகம் செல்லு, மீன் தீரும்." வழி, பண்டம், எச்சரிக்கை. மொத்த ஆற்றுப்படையும் ஏழே சொல்லில்.

வளைவு கடந்து போனோம். பலகைகூட இல்லை. நான்கு பெஞ்சு. ஒரு சேச்சி வந்து எதுவும் கேட்காமல் இலை போட்டார். மட்டா அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன்கறி, பயறுத் தோரன், மோரு, பப்படம். மனைவிக்கு மீன் பாத்திரத்தைத் தொடாத கரண்டியில் பருப்பு, கேட்காமலே. குவளையில் இளஞ்சிவப்பாக வெந்நீர்.

"மாமா, தண்ணில என்னமோ கலந்திருக்குது," என்றான் மைத்துனன்.

"பதிமுகம், மாப்ள. மரத்துண்டு போட்டுக் காய்ச்சறது. குடி."

குடித்தான். அதற்குப் பிறகு பேசவில்லை. இரண்டாம் முறை சோறு வாங்கும்போது கைப்பேசி பெஞ்சில் கவிழ்ந்து கிடந்தது. வெளியே வந்ததும், நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்து, விரலை மூக்கருகே கொண்டுபோனான். சோதனை முடிந்தது. அந்தக் கடையை இங்கே அடையாளம் சொல்லப்போவதில்லை. சொன்னால் நட்சத்திரம் வரும், நட்சத்திரம் வந்தால் பதினான்கு பக்கம் வரும்.

கோவை திரும்பி ஒரு வாரம் இருக்கும். காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தேன். முதுகுப்பையோடு ஒரு மலையாளிப் பையன், வயிறு ஒட்டி, நேராக என்னிடம் வந்தான்.

"சேட்டா, இவிடெ நல்ல ஹோட்டல் ஏதா?"

நாற்பது வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். ஆற்றுப்படை அறிந்தவன், கொள்கை வகுத்தவன். வாயில் வந்தது, இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் அதே பதில்: "அன்னபூர்ணா."

பையன் போகவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் வேட்டியைத் தாழ விட்டிருந்தேன், அவசரமில்லாமல் நின்றிருந்தேன், பையன் கெட்டிக்காரன்.

"சேட்டன் இன்னு எவிடெயா கழிச்சது?"

"வீட்ல."

"எந்தா கறி?"

"நேத்து வச்ச சுண்டைக்காய்ப் புளிக்குழம்பு," என்றேன்.

அவன் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது.