சுண்ணாம்பில் ஒரு ‘எச்’

அப்பா பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். அவர் விட்டுப்போனதில் நிலத்தை விற்றாகிவிட்டது, மாடுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. செல்லரிக்காமல் மிச்சமிருப்பது சிவப்பு அட்டை போட்ட ஒரு செலவு நோட்டுதான். அதில் ஒரு பக்கத்துக்கு ‘மாண்புமிகு அமைச்சர் அவர்கள் வருகை’ என்று தலைப்பு. வருஷம் 1974. ரோஜா மாலை 2. கலர் சோடா 18. மைக்செட் வாடகை. பந்தலுக்குத் தென்னங்கீற்று 60. எலுமிச்சம்பழம் 10. டிரைவர் சாப்பாடு 1. ஆக மொத்தம் 83 ரூபாய் 40 காசு. ஓரத்தில் பச்சை மையில் தணிக்கைக்காரரின் கேள்வி: ‘மேடையில் இருந்தவர் 11 பேர். சோடா 18 ஏன்?’

இதற்கு அப்பா முக்கால் பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறார். வெயில், தாமதம், கோலி சிக்கி உடைந்த பாட்டில் இரண்டு, மயங்கி விழுந்த மைக்செட் பையன் என்று ஒவ்வொரு சோடாவுக்கும் ஒரு காரணம்.

அன்றைக்கு எங்கள் ஊர் ஒரகடம் என்றால் ஏரி, ஏரிக்குக் கீழே நெல், மேட்டில் வேர்க்கடலை, கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிற கூட்டம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவைக்க அமைச்சர் காலை 10 மணிக்கு வருவதாக நோட்டீஸ். வந்தபோது மணி மூன்றரை. ஓர் அம்பாசிடர், பின்னால் ஒரு ஜீப், அவ்வளவுதான். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாராம். கூட்ஸ் வண்டி போகும்வரை அமைச்சரானாலும் நின்றுதானே ஆகணும். இறங்கும்போது புருவத்தில்கூடச் செம்மண். அப்பா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, அவர் குனிந்து முகம் கழுவினார். எட்டு வயசுப் பையனாக நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொட்டியில் அன்றைக்கு மட்டும் தண்ணீர் வந்தது, அதுவும் மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவந்து ஊற்றினது. மோட்டாருக்குக் கரண்டு வர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அம்பாசிடரில் வந்தார் என்பதற்காக அவருக்குக் கோயில் கட்ட நான் தயாரில்லை. ஆனால் அவர் வந்துபோன செலவு சோடா வரைக்கும் எங்கள் வீட்டு நோட்டில் இருக்கிறது.

பிறகு கம்பெனிகள் வந்தன. 2010 மார்ச்சில் ரெனோ–நிசான் ஆலையை அப்போது துணை முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் திறந்தார். 2012 ஏப்ரலில் டெய்ம்லர் லாரி ஆலையை முதல்வர் ஜெயலலிதா திறந்தார். அடுத்த வருஷம் ராயல் என்பீல்டு. வேர்க்கடலை மேட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டின. நிலம் விற்ற காசில் நான் ஒரு டிராக்டரும் ஐயாயிரம் லிட்டர் தண்ணி டேங்கரும் வாங்கினேன். அந்த டேங்கர் புண்ணியத்தில்தான் ஹெலிகாப்டரோடு எனக்குப் பழக்கம்.

ஏதோ ஒரு விழா, யாரோ ஓர் அமைச்சர். பெயர் வேண்டாம், இன்றைக்கு அவர் எந்தக் கட்சியில் இருக்கிறார் என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை. வாடகை ஹெலிகாப்டரில் வருகிறார் என்றார்கள். ஹெலிபேட் போடுவதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜே.சி.பி. விட்டு வேலிக்காத்தானை வழித்து, ரோலர் ஓட்டி, நடுவில் செங்கல் பரப்பிச் சிமென்ட் பூசினார்கள். அதன்மேல் சுண்ணாம்பில் பெரிய வட்டம், வட்டத்துக்குள் ஒரு ‘எச்’. சுற்றிலும் சவுக்குக் கட்டைத் தடுப்பு. காற்று எந்தப் பக்கம் என்று காட்ட, கம்பத்தில் துணிக்குழாய். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பந்தோபஸ்து. ரோலர் போன இடமெல்லாம் மண் மாவாகக் கிடந்தது. விசிறி சுழன்றால் புழுதி கிளம்பி பைலட்டுக்குக் கண் தெரியாமல் போய்விடுமாம். அதை அடக்கத்தான் நான். முதல் நாள் சாயங்காலம் ஆறு நடை, மறுநாள் விடிகாலையில் ஐந்து நடை.

ஊர்க் குழாயில் மூன்று நாளைக்கு ஒருதரம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நேரம் அது. குடத்தோடு நின்ற எங்கள் தெரு அத்தை டேங்கரை மறித்து, “ஏண்டா, மனுசாளுக்கு இல்லாத தண்ணி, மண்ணுக்குத் தாகமா?” என்று கேட்டாள். ஒரு குடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

காலை எட்டரைக்கே போலீஸ் எங்களைக் கட்டைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. சீக்கிரம் வருவதற்காகத்தான் ஹெலிகாப்டர் என்கிறார்கள். அதைப் பார்க்க வருகிறவன் அம்பாசிடர் காலத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்கவேண்டியிருக்கிறது. பதினொன்றுக்கு மேகம் கூடியது. பன்னிரண்டுக்குப் பிடித்துக்கொண்டது மழை. என் பதினொரு நடையை வானம் பத்து நிமிஷத்தில் தூக்கிச் சாப்பிட்டது. சுண்ணாம்பு ‘எச்’ கரைந்து, நீர்மோர் மாதிரி ஓடியது. அமைச்சர் மூன்றரைக்கு வந்தார், காரில். ஏற்றின கண்ணாடி இறங்கவில்லை. முகத்தில் தூசி இல்லை, சொம்புக்கும் வேலையில்லை.

பறக்காத ஹெலிகாப்டருக்கும் பில் உண்டு என்பதை எனக்குச் சொன்னவர் விழாவுக்கு வந்திருந்த ஏஜென்ட் ஒருவர். கேட்கக் கேட்க, இது நம் திருப்பதி வேன் வாடகையேதான் என்று பட்டது. ஒரு வழிதான் போகிறோம் என்றாலும் காலியாகத் திரும்புகிற தூரத்துக்கும் நாம்தான் கட்டவேண்டும். நிறுத்திவைத்தால் வெயிட்டிங். ராத்திரி தங்கினால் பைலட்டுக்கு ரூம். கால் மணி பறந்தாலும் நாளுக்குக் குறைந்தது இத்தனை மணி என்று ஒரு கணக்கு. இத்தனைக்கும் மேலே ஜி.எஸ்.டி. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் பத்திரிகைகளில் வந்த கணக்குப்படி ஹெலிகாப்டர் மணிக்குச் சுமார் ஒன்றரை லட்சம், தனி விமானம் நாலரையிலிருந்து ஐந்தேகால் லட்சம். அதே வருஷம் நூறு நாள் வேலையில் எங்கள் அத்தைக்கு அதிகபட்சக் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். ஹெலிகாப்டரின் ஒரு மணி நேரத்துக்கு அவள் 470 நாள் ஏரி மண் வெட்டவேண்டும். அப்போது வருஷத்துக்கு நூறே நாள் என்பதால் நாலரை வருஷம் தாண்டும்.

இப்படியெல்லாம் பேசும்போது எங்கள் பக்கத்துக்காரன் ஒரு வார்த்தைக்கு முன்னால் மட்டும் வாயை மூடிக்கொள்வான். அது பாதுகாப்பு. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில்தான் வந்தார். கிளம்பும் முன்பே அதில் ஒரு கோளாறு, அதனால் தாமதம். மீனம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாகக் காரில் எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர். மேடைக்கு நடந்துபோகும்போது நடந்தது உலகத்துக்கே தெரியும். அந்த இரவுக்குப் பிறகு, தலைவர்கள் ஏன் வானத்தில் வருகிறார்கள் என்று இந்த மண்ணில் நின்று கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வானமும் யாருக்கும் உத்தரவாதம் எழுதித் தரவில்லை. 2009 செப்டம்பர் 2-ஆம் தேதி ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி போனது ஹெலிகாப்டரில்தான். ஆனாலும் எதிரியைப் பார்த்துப் பயப்படுவதற்கும் ரயில்வே கேட்டைப் பார்த்துப் பயப்படுவதற்கும் ஒரே வார்த்தையைப் போட்டால், தணிக்கைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கிளார்க் மகன் என்பதால் பறப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. செலவு எந்தப் பக்கத்தில் ஏறியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. ஜெயலலிதா முதல் ஐந்து வருஷ ஆட்சியில் மாதம் ஒரு ரூபாய்தான் சம்பளமாக வாங்கினார். அந்த ஐந்து வருஷத்துச் சொத்துக் குவிப்பு வழக்கில் தீர்ப்பைக் கேட்க 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூருக்குப் போனது தனி விமானத்தில். அதே வருஷத் தேர்தல் பிரசாரத்தில், மேலே அவர் போகிற ஹெலிகாப்டரைப் பார்த்து அமைச்சர்கள் கும்பிட்டு நின்ற படத்தை நாடே பார்த்தது.

2022 மார்ச்சில் முதல்வர் ஸ்டாலின் துபாய் எக்ஸ்போவுக்குத் தனி விமானத்தில் போனார். குடும்பத்தாரும் உடன் போனதை எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி கிளப்பினார். அந்த நேரத்துக்குப் பயணிகள் விமானம் கிடைக்கவில்லை, தனி விமானச் செலவைக் கட்சியே ஏற்றுக்கொண்டது என்று தொழில்துறை அமைச்சர் தங்கம் தென்னரசு பதில் சொன்னார். 6,100 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டுவந்த பயணம் என்றார்கள். இதை டீக்கடையில் பேசியபோது பாதிப்பேர் ‘அரசுப் பணம் இல்லையே, அப்புறம் என்ன’ என்று எழுந்துபோய்விட்டார்கள். எனக்கு அங்கேதான் சிக்கல். அரசு வேலைக்கு அரசு செலவழித்தால் ஒரு ஃபைலாவது இருக்கும், பச்சை மையில் ஒருவர் கேள்வி எழுதுவார். கட்சி கட்டினால் அந்த நோட்டு யார் வீட்டு அலமாரியில் இருக்கும்?

மிச்சம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அமெரிக்கக் கதையையும் சொன்னேன். டாம் பிரைஸ் என்று ஒரு சுகாதார அமைச்சர். அரசுச் செலவில் தனி விமானங்கள், 4 லட்சம் டாலருக்கு மேல் என்று பத்திரிகைக்காரர்கள் தோண்டி எடுத்தார்கள். அதில் ஒரு பயணம் வாஷிங்டனிலிருந்து பிலடெல்பியாவுக்கு; ஏறக்குறைய நம் சென்னை–திருவண்ணாமலை தூரம்தான், ரயிலும் உண்டு. தான் உட்கார்ந்த சீட்டுக்கு என்று 51,887 டாலரைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். கேட்கவில்லை, 2017 செப்டம்பரில் பதவி போயிற்று.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான். “மீதி சீட்டுக்கு யாருண்ணா காசு குடுத்தது?”

என் பதினொரு நடைக்கு, நடை 700 வீதம் 7,700 ரூபாய். பில் கொடுத்த அலுவலகத்துக்குப் பதினாலு மாசம் அலைந்தேன். டிரைவர் பையனுக்குக் கூலியை என் கையிலிருந்து கொடுத்தாயிற்று. ஒருநாள் அங்கே இருந்த இளம் கிளார்க், “ஐயா, உங்க ஃபைல் திரும்பி வந்திருக்கு” என்று மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காட்டினார். பச்சை மை. ‘ஹெலிகாப்டர் இறங்கவில்லை. அன்று மழையும் பெய்துள்ளது. தண்ணீர் 11 நடை ஏன்?’

வீட்டுக்கு வந்து முக்கால் பக்கம் விளக்கம் எழுதினேன். வெயில், புழுதி, பைலட்டின் கண். அத்தைக்குக் கொடுத்த ஒரு குடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அப்பாவின் நோட்டில் கடைசிப் பக்கங்கள் காலியாகத்தான் இருந்தன. நகலை அதில் எடுத்து வைத்திருக்கிறேன்.