உ.வே.சா.வும் என் பத்தாம் வகுப்பும்

விடாமுயற்சியைப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிடலாம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. வாழ்க்கைத் திறன் வகுப்பை எடுக்க ஆள் இல்லாததால் அது தமிழாசிரியன் தலையில் விழுந்தது. பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றிய உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திர'த்தோடு போனேன். கரும்பலகையில் 'மனவுறுதி', 'அடையாளம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். கடைசி பெஞ்சு அப்போதே கொட்டாவி விட்டது.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போனவரிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொல்லும் இடம் ஒன்று வரும். அங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்று வீட்டிலேயே வாசித்துப் பார்த்திருந்தேன். தழுதழுத்தது.

"சார், யாருமே பேக்கப் எடுக்கலையா?" என்றான் ஒருவன்.

நல்ல கேள்வி என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ஏடு பார்த்து ஏடு எழுதியதுதானே அன்றைய பேக்கப்! அது நின்ற இடங்களில்தானே நூல் செல்லுக்குப் போனது. வகுப்பில் நான் சொன்ன பதில்: "உட்காருடா."

அடையாளம் இன்னும் மோசம். வேங்கடராமன் என்ற பெயர், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கேட்டதால் சாமிநாதன் ஆனது. "வாத்தியார் கேட்டதும் பேரையே மாத்திக்கிட்டாரே, அப்ப அடையாளம் எங்க சார்?" பரீட்சைக்கு வராது என்று சொல்லி நழுவினேன்.

அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது நான் வேகமாகத் தாண்ட நினைத்த பக்கத்தில். 1880, கும்பகோணம். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது, வயது 25. முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி? படித்ததில்லை.

"செம நோஸ்கட் சார்!"

"நானா இருந்தா அந்தத் தெருப் பக்கமே போயிருக்க மாட்டேன்" என்றாள் முன்வரிசைப் பெண். "திரும்பப் போனாரா?"

போனார். முதலியாரிடமே பிரதி வாங்கினார். அந்தக் காப்பியத்தில் வரும் சமணம் புரியாமல் திணறி, ஊரிலிருந்த சமணர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் அவர் பதிப்பித்த சிந்தாமணி புத்தகமாக வந்தது. வகுப்பில் சத்தமே இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கரும்பலகையைத் தட்டி, "இதுதான் மனவுறுதி" என்றேன். மொத்த வகுப்பும் பழையபடி பெஞ்சில் சரிந்தது.

கடைசி பெஞ்சுக்காரன் மட்டும் விடவில்லை. "நீங்க சிந்தாமணி முழுசா படிச்சிருக்கீங்களா சார்?"

மூவாயிரத்துச் சொச்சம் பாட்டில் நான் தாண்டியது முதல் இலம்பகம். அதுவும் எம்.ஏ. பரீட்சைக்காக. "கதை தெரியும்" என்றேன்.