பசியும் பலகையும்: அமெரிக்க நெடுஞ்சாலைத் திணை குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்க இன்டர்ஸ்டேட் சாலையில் காரில் போகிறவர்கள் உணவகத்தை எவ்வாறு தேர்கிறார்கள் என்பது அறிஞர் உலகம் அலட்சியப்படுத்திவிட்ட துறை. அக்குறையைப் போக்க இக்கட்டுரை முனைகிறது.

மரபுப்படி திணையை முதலில் வரையறுப்போம். முதற்பொருள்: ஆளரவமற்ற சாலையும் மதியம் ஒன்றரை மணியும். கருப்பொருள்: நீலப் பலகை, லாரி, பின்னிருக்கைக் குழந்தை. உரிப்பொருள்: ஊடலும் ஊடல் நிமித்தமும்.

எக்சிட்டுக்கு முன்னால் வரும் அந்த நீலப் பலகையே தலையாய சான்று. ஒரு பலகையில் ஆறு உணவகங்களின் சின்னங்கள்தான் இடம்பெறும். அதற்குக் கட்டணம் உண்டு. இத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. காலையில் மட்டும் அடுப்பு மூட்டும் சிற்றூர்க் கடை அதில் ஏறாது. மெக்டொனால்ட்ஸ் ஏறும்.

பலகைக்கு அப்பாலுள்ள கடைகளை எடைபோட வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன் தம் ‘புளூ ஹைவேஸ்’ (1982) நூலில் ஒரு வழி சொன்னார்: சுவரில் தொங்கும் காலண்டர்களை எண்ண வேண்டும். ஐந்து இருந்தால் அமிர்தம். ஒன்றுமே இல்லையென்றால் வழக்கமான நெடுஞ்சாலைத் தீனி. அளவுகோலில் பிழையில்லை. ஆனால் எண்ணுவதற்கு உள்ளே போயாக வேண்டும். பரிசாரகப் பெண்மணி காபிக் குடுவையோடு வந்து நின்றபின், “இரண்டுதான் இருக்கிறது” என்று எழுந்து வரும் துணிவு எவருக்கு உண்டு?

லாரிகள் நிற்குமிடத்தில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்பது பூர்வபட்சம். மறுக்கிறோம். பதினெட்டுச் சக்கர வண்டியைத் திருப்ப இடமும், டீசலும், குளியலறையும் எங்குண்டோ அங்கே லாரி நிற்கும். நாவுக்கு இதில் வாக்குரிமை இல்லை.

இனி நம் சித்தாந்தம். காரில் நான்கு பேர். ஒருவருக்கு மாட்டிறைச்சி ஆகாது, ஒருவர் நேற்றுதான் பீட்சா தின்றார், ஒருவர் “எதுவானாலும் சரி” என்கிறார் (இவரே மிக ஆபத்தானவர்), நான்காமவர் ஓட்டுகிறார். அதற்குள் எக்சிட் போய்விடும். பெரும்பாலான மாநிலங்களில் எக்சிட் எண் என்பது மைல் கணக்கு. 143-ஐ விட்டு, அடுத்தது 167 என்றால் 24 மைல்; எழுபதில் போனாலும் இருபது நிமிடத்துக்கு மேல். 143-இல் நல்ல கடை கேட்டவர் 167-இல் ஏதாவதொரு கடை கேட்பார். 191-இல் கழிப்பறை போதும்.

ஆக, யாரும் விரும்பாத, ஆனால் யாரும் மறுக்காத கடையே வெல்கிறது. தென்மாநிலங்களில் அது பெரும்பாலும் வாஃபிள் ஹவுஸ். 1955-இல் ஜார்ஜியாவில் தொடங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருப்பது. புயலின் கடுமையை இக்கடையைக் கொண்டே அளக்கலாம் என்று பேரிடர் மேலாண்மைத் துறைத் தலைவராயிருந்த கிரேக் ஃபியூகேட் கண்டார்: முழு மெனு கிடைத்தால் பச்சை, குறைந்த மெனு மஞ்சள், மூடிக் கிடந்தால் சிவப்பு.

காருக்குள் வீசும் புயலுக்கும் இது பொருந்தும். சிவப்பு நிலையில் எஞ்சுவது, கேஸ் ஸ்டேஷன் கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து உருண்டுகொண்டிருக்கும் ஹாட் டாக். அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை.